பாரதியாரும் பத்திரிகைச் சட்டமும்

திசையன்விளையிலிருந்து எம் பழைய மாணவர் ஒருவர் சென்ற பருவத்தில் எமக்கு ஒரு கடிதம் வரைந்திருந்தார். அவர் நாளிதழ் ஒன்றுக்கு அவ்வூர்ச் செய்திகளை அனுப்பி வருபவர். தேரி மணலும் பனையும் முருங்கைத் தோட்டங்களும் சூழ்ந்த அப்பகுதியில் குடிதண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலையைக் குறித்து அவர் எழுதியனுப்பிய செய்தியொன்று அச்சேறிய சின்னாட்களில், ஒப்பந்தக்காரர் ஒருவரின் வக்கீலிடமிருந்து பத்திரிகை அலுவலகத்திற்கு நோட்டீசு வந்துவிட்டது. செய்தியின் தலைப்பிலோ அடியிலோ எம் மாணவர் பெயர் அச்சாகவில்லை. நிருபர் என்னும் ஒரு சொல் மாத்திரமே இருந்தது. ஆதலின் தாம் வாய்திறவாது இருந்துவிடலாமா, ஆசிரியரும் வெளியிடுவோரும் தங்கள் பெயர் போட்டிருப்பதால் அவர்களே அதனைப் பார்த்துக்கொள்வார்களா என்பது அவர் கேட்ட கேள்வி.

சட்டப் புத்தகத்தைப் புரட்டி இரண்டு வரிகளில் விடை எழுதிவிடுதல் எளிது. எனினும் அக்கேள்வியைப் படித்தவுடன் எமக்கு முதலில் நினைவுக்கு வந்தது சட்டப் பிரிவு எதுவுமன்று. நம் ஜில்லாவிற் பிறந்த ஒருவரின் வாழ்க்கையே வந்தது. ஸி. சுப்பிரமணிய பாரதியாரைக் கவியாக அறியாத தமிழர் இலர். ஆனால் அவர் வயிறு வளர்த்தது பத்திரிகைத் தொழிலால் என்பதும், அக்காலத்துப் பத்திரிகைச் சட்டங்களிற் பல ஒன்றன்பின் ஒன்றாக அவர்மீதோ, அவரைச் சார்ந்தவர்மீதோ, அவர் இறந்தபின் அவர் நூல்கள்மீதோ பாய்ந்தன என்பதும் பலரால் நினைக்கப்படுவதில்லை. பத்திரிகைத் தொழிலில் இறங்கக் கருதும் மாணவர்களுக்கு இவ்வாழ்க்கையை அந்த நோக்கிலிருந்து கூறுவோம்.

பாரதியார் 1882-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 11-ஆம் நாள் எட்டயபுரத்திற் பிறந்தார். தந்தையார் சின்னசாமி ஐயர். தாயார் இலட்சுமி அம்மாள். இளமையிலேயே எட்டயபுரத்து அவையிற் பாரதி என்னும் பட்டம் பெற்றதும், 1894 முதல் 1897 வரை திருநெல்வேலி இந்துக் கலாசாலைப் பள்ளியிற் படித்ததும், கடையத்துச் செல்லம்மாளை 1897-இல் மணந்ததும், தந்தை இறந்தபின் காசி சென்று மீண்டதும் எல்லாரும் அறிந்த செய்திகள். அவற்றை விரிக்க வேண்டுவதில்லை. 1904-இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாத அளவே தமிழாசிரியராக இருந்தார். அவ்வாண்டு நவம்பரில் சென்னை சேர்ந்து, ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில் உதவியாசிரியரானார். ஆங்கிலத் தந்திச் செய்திகளையும் தலைவர்களின் பிரசங்கங்களையும் தமிழாக்குவதே அவருக்கு இடப்பட்ட முதல் வேலை. இன்று நிருபராவோர் பலரும் தொடங்கும் இடம் அதுவே. சலிப்பூட்டும் அவ்வேலையிலேதான் அவருடைய உரைநடை உருவாயிற்று என்பது எம் துணிபு.

1906-ஆம் வருஷம் மே மாதம் இந்தியா என்னும் வாரப் பத்திரிகை சென்னையில் தோன்றியது. மண்டயம் குடும்பத்தார் அதனை நடத்தினர். சிவப்புத் தாளில் அச்சிட்டு, தமிழ்ப் பத்திரிகைகள் அதுவரை காணாத கேலிச்சித்திரங்களை முதற்பக்கத்தில் தாங்கி அது வெளிவந்தது. அதன் கட்டுரைகளை எழுதியவர், சித்திரங்களுக்குக் கருத்துச் சொன்னவர், பத்திரிகையின் உயிராக இருந்தவர் பாரதியார். இதனைச் சென்னையில் அறியாதார் இல்லை, போலீசாரும் அறிந்திருந்தனர். ஆயினும் அப்பத்திரிகைக்குச் சட்டத்தின் முன் பொறுப்பாளராக நின்ற பெயர் அவருடையதன்று, எம். சீனிவாசன் என்பவருடையது.

இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறியச் சட்டத்தைச் சற்றே நோக்க வேண்டும். 1835-இல் மெட்காப் துரை அச்சுக்கூடங்களுக்கு இருந்த அனுமதிச் சீட்டு முறையை ஒழித்தபோது, அதற்கு ஈடாக ஒன்றைக் கேட்டார். பத்திரிகையை அச்சிடுவோரும் வெளியிடுவோரும் நீதிபதி முன் சென்று, தம் பெயரையும் அச்சுக்கூடம் இருக்கும் இடத்தையும் கூறி உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அது. 1867-ஆம் வருஷத்து அச்சுக்கூட, புத்தகப் பதிவுச் சட்டமும் அம்முறையையே மேற்கொண்டது. எவரும் கேளாமல் அச்சிடலாம். ஆனால் வழக்கு வருமானால் யாரைப் பிடிப்பது என்பதைச் சர்க்கார் முன்னரே எழுதி வைத்துக்கொள்ளும். அவ்வளவே அதன் உட்பொருள். அவ்வுறுதிமொழிப் பத்திரத்தின் நகலைக் காட்டினாற் போதும். எதிரிடைச் சான்று வரும்வரை, பத்திரிகையின் ஒவ்வொரு வரிக்கும் அதிற் கையெழுத்திட்டவரே பொறுப்பாளி என்று கோர்ட்டார் கொள்வர்.

இவ்விடத்தில் மாணவர் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அச்சிடுவோர், வெளியிடுவோர் என்னும் இருவர் பெயரையே 1867-ஆம் வருஷத்துச் சட்டம் முதலிற் கேட்டது. ஆசிரியர் யார் என்று அது கேட்கவில்லை! எழுதுகிறவன் யார், எதனை அச்சிடலாம் என்று தீர்மானிக்கிறவன் யார் என்பதைச் சட்டம் பொருட்படுத்தாது விட்டிருந்தது. இந்தியாவில் மட்டுமன்றி அந்நாளைய பல பத்திரிகைகளிலும், எழுதுகிற கை ஒன்றாகவும் கையெழுத்திடுகிற கை வேறொன்றாகவும் இருந்ததற்கு இதுவே வழி செய்தது.

1908-ஆம் வருஷம் நம் ஜில்லாவுக்கு மறக்கவொண்ணாதது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் நாள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவமும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி நகரிற் கலகம் மூண்டு, நகரசபை அலுவலகமும் பிறவும் தீக்கிரையாயின. போலீசார் சுட்டதில் நால்வர் மாண்டனர். பின்னர்ப் பின்ஹே துரை முன்னிலையில் நடந்த வழக்கில் பாரதியார் சாட்சி சொன்னார். ஜூலை 7-ஆம் நாள் பிள்ளையவர்களுக்கு இரண்டு ஆயுட்கால நாடுகடத்தலும் சிவத்துக்குப் பத்தாண்டும் தண்டனையாக விதிக்கப்பட்டன. உயர்நீதி மன்றம் பின்னர் அவற்றைக் குறைத்தது. அவர்கள்மேற் சாட்டிய குற்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவு, அஃதாவது இராஜத்துவேஷம். 1870-இற் சேர்க்கப்பட்டு 1898-இல் விரிக்கப்பட்ட அப்பிரிவு, சர்க்கார்மீது வெறுப்பையோ இகழ்ச்சியையோ பற்றின்மையையோ எழுப்ப முயல்வதைக் குற்றமாக்கியது. பற்றின்மை என்பதற்கு எல்லை யாது? ஆள்வோன்மீது அன்பில்லாமையே குற்றம் என்னும் அளவுக்கு 1897-இல் திலகர் வழக்கில் பம்பாய் நீதிபதி ஒருவர் பொருள் விரித்திருந்தார். அதே திலகர் 1908 ஜூலையிற் கேசரிப் பத்திரிகைக் கட்டுரைகளுக்காக ஆறாண்டுத் தண்டனை பெற்றார். ஜூன் மாதத்திலோ, கொலை முதலிய குற்றங்களைத் தூண்டும் பத்திரிகையின் அச்சுக்கூடத்தையே பறிமுதல் செய்ய நீதிபதிகளுக்கு அதிகாரமளிக்கும் புதுச் சட்டமும் வந்துவிட்டது.

இவ்வளவும் நடக்க, இந்தியாப் பத்திரிகை தன் குரலைத் தாழ்த்தவில்லை. ஆகஸ்டு மாதத்திற் போலீசார் வந்தனர். சுதேசமித்திரன் ஆசிரியர் சுப்பிரமணிய ஐயர் கைதாகி, இனி அவ்வாறு எழுதுவதில்லை என்று உறுதி எழுதிக் கொடுத்து விடுதலை பெற்றார். அவர் அப்போது நோயால் மெலிந்த முதியவர். அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. இந்தியாப் பத்திரிகையின் சார்பிற் கைதானவர் சீனிவாசன். சட்டம் தன் ஏட்டைப் புரட்டியது. அவ்வேட்டிலிருந்த பெயரைப் பிடித்தது. பாரதியார் சில நாட்களுக்குள், நண்பர்களின் யோசனைப்படி, பிரெஞ்சுக்காரரின் ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றுவிட்டார். சீனிவாசனுக்கு 5 ஆண்டுத் தண்டனை கிடைத்தது.

பாரதியாரின் வாழ்க்கையை எழுதுவோரிற் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்து செல்வர். புதுச்சேரியின் கடற்கரையும் குயில் தோப்பும் அவர்களை அழைக்கும். யாம் இங்கே சற்று நிற்க வேண்டியவராகிறோம். சீனிவாசன் பாட்டெழுதியவரல்லர், மேடையேறிப் புகழ் பெற்றவரல்லர், அவருடைய படம் நம் பள்ளிச் சுவர்களில் இல்லை. பிறர் எழுதியதற்குத் தாம் கையெழுத்திட்டிருந்தார். அக்கையெழுத்தின் விலையைத் தாமே கொடுத்தார். பாரதியார் சென்னையிலேயே தங்கியிருந்தால் இருவரும் சிறைப்பட்டிருப்பார்களேயன்றி ஒருவர் தப்பியிருக்கமாட்டார் என்று வாதிக்கலாம். பாரதியார் சிறைப்பட்டிருந்தால் புதுச்சேரியிற் பிறந்த பாட்டுக்கள் பிறந்திரா என்றும் வாதிக்கலாம். இரண்டும் மெய்யே. ஆயினும் பொறுப்பை ஒருவர் சுமக்க, எழுத்தின் புகழ் மற்றொருவரைச் சேர்ந்தது என்பதும் மெய்யே. பாரதியாரிடத்தில் எமக்குள்ள பேரன்பு இதனை மறைக்குமாறு எம்மைத் தூண்டவில்லை. அவரும் பிற்காலத்தில் இதனை நினைந்து வருந்தாதிருந்திருப்பார் என்று எம்மால் எண்ண முடியவில்லை. அஃது எம் ஊகமே.

அச்சுக்கு முன்னே நிற்கும் பெயரைப் பற்றி நினைக்கையில் திசையன்விளைக்கு அண்மையிலுள்ள இடையன்குடியும் எமக்கு நினைவுக்கு வருகிறது. அங்கே நெடுங்காலம் வாழ்ந்து ஆலயமும் பள்ளியும் எழுப்பிய கால்டுவெல் ஐயர், 1849-இல் இப்பகுதி நாடார் சமூகத்தாரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அது அச்சமூகத்தாரின் உள்ளத்தை மிகவும் புண்படுத்திற்று. அவர்களுட் கற்றோர் மறுப்பு எழுதியும் சர்க்காருக்கு விண்ணப்பித்தும் தம் மனக்குறையைப் பல்லாண்டுகள் தெரிவித்தனர். ஐயரின் தமிழ்த்தொண்டை எம் கலாசாலையார் மறவார். எனினும் அந்நூல் செய்த தீங்கையும் மறைத்தல் ஆகாது. ஆனால் ஒன்று: அவர் தம் பெயரைப் போட்டே அதனை வெளியிட்டிருந்தார். ஆகவே புண்பட்டோருக்குத் தம் மறுப்பை யாரிடம் கூறுவது என்பது தெரிந்திருந்தது. தவறான எழுத்திலும் பெயருள்ள எழுத்து, பெயரில்லா எழுத்தினும் மேலானது.

மீண்டும் புதுச்சேரிக்கு வருவோம். 1908 அக்டோபரில் இந்தியாப் பத்திரிகை அங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. பிரான்சு தேசத்தின் 1881-ஆம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் உரியதாயிருந்தது. அது முன் அனுமதியோ பிணைத்தொகையோ கேளாத தாராளமான சட்டம். எனினும் அதுவும் ஒவ்வொரு பத்திரிகைக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரைக் கேட்டது என்பதைக் குறிக்காமல் விடுவதற்கில்லை. விஜயா என்னும் நாளிதழும் சூரியோதயம், கர்மயோகி முதலியனவும் அந்நகரிலிருந்து வெளிவந்தன. படித்தவர்களிற் பெரும்பாலார் பிரிட்டிஷ் இந்தியாவிலேயே இருந்தனர். பத்திரிகைக் கட்டுகள் தபால் மூலமே அவர்களைச் சேரவேண்டும்.

அத்தபாலையே சர்க்கார் குறிவைத்தது. 1910 பெப்ரவரியில் நிறைவேறிய இந்தியப் பத்திரிகைச் சட்டம் அதுவரை வந்தவற்றுள் மிகக் கடியது. புதிதாக அச்சுக்கூடம் வைப்போர் 500 ரூபாய்க்குக் குறையாமலும் 2,000 ரூபாய்க்கு மேற்படாமலும் பிணைத்தொகை கட்டவேண்டும். முன்னரே இருந்த கூடங்களிடம் 5,000 ரூபாய் வரை கேட்கலாம். ஆட்சேபத்துக்குரியது ஒன்று அச்சானால் அத்தொகை போய்விடும். மறுமுறை 1,000 முதல் 10,000 வரை கட்டினாலன்றி அச்சிடவியலாது. அதன்பின்னும் தவறினால் அச்சு யந்திரமே பறிபோகும். சிறைத்தண்டனைக்கு நீதிபதி வேண்டும், சாட்சி வேண்டும். இத்தண்டனைக்கோ சர்க்காரின் ஓர் ஆணையே போதும். வறியவன் பத்திரிகை நடத்துவது எங்ஙனம்? மேலும் சுங்க அதிகாரிகளும் தபால் அதிகாரிகளும் ஐயத்துக்குரிய கட்டுகளை நிறுத்தி வைக்க அச்சட்டம் இடங்கொடுத்தது. அதற்கு அடுத்த மாதத்தில் இந்தியாப் பத்திரிகை நின்றுபோயிற்று. வாசகரை அடைய முடியாத பத்திரிகைக்கு எழுத்துச் சுதந்திரம் இருந்து என்ன பயன்? பத்திரிகைச் சுதந்திரம் என்பது பரப்பும் சுதந்திரத்தையும் உள்ளடக்கியது என்பது நம் நாட்டிற் சட்டமாக நாற்பதாண்டு சென்றது. பம்பாய்க் கிராஸ் ரோட்ஸ் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் வரலாகாதென்று மாகாண சர்க்கார் இட்ட தடையை, ரமேஷ் தாப்பர் வழக்கில் 1950 மே மாதம் உச்சநீதி மன்றம் தள்ளியபோதே அஃது உறுதியாயிற்று.

1911 ஜூன் மாதம் 17-ஆம் நாள் மணியாச்சி ரெயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் துரை சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் புதுச்சேரியிலிருந்த தமிழர்களைச் சுற்றிப் போலீஸ் ஒற்றர்கள் மொய்த்தனர். புதிதாய் வந்த ஒரு விதியின்படி, அயல்நாட்டார் அங்கே தங்கவேண்டுமானால் கௌரவ நீதிபதிகள் ஐவரின் நற்சான்று வேண்டியிருந்தது. கலவை சங்கரஞ் செட்டியார் என்னும் உள்ளூர்ப் பெரியவர் முயன்று ஐவரின் கையெழுத்தைப் பெற்றுத் தந்தார். இங்கும் ஒருவரின் வாழ்வு பிறரின் கையெழுத்திலே நின்றது. அவ்வாண்டிலேயே பாரதியாரின் கனவு என்னும் பாட்டு நூலும், ஆறில் ஒரு பங்கு என்னும் கதையும் சென்னைச் சர்க்காராற் பறிமுதல் செய்யப்பட்டன. முன்னது அவருடைய இளமை வரலாறு. பின்னது காதலும் தேசபக்தியும் தாழ்த்தப்பட்டோர் உயர்வும் பற்றியது. இவற்றைப் படித்தவர் எவரும், அரசு இவற்றுள் எதனைக் கண்டு அஞ்சிற்று என்று வியப்பர். தடை நூலின்மேல் இடப்பட்டது என்று சொல்வதினும் நூலின் முகப்பிலிருந்த பெயரின்மேல் இடப்பட்டது என்பதே பொருந்தும்.

பிற்பட்ட புதுச்சேரி ஆண்டுகளிற் சுதேசமித்திரனுக்கு அவர் எழுதியவற்றுட் பல காளிதாஸன், சக்திதாஸன் என்னும் புனைபெயர்களோடு வெளிவந்தன. புனைபெயர் வேறு, பொறுப்பை மறைத்தல் வேறு. ஆசிரியருக்கு எழுதியவர் யாரென்று தெரியும். இன்றைய நிருபர்கள் சிலர் இவ்விரண்டையும் ஒன்றென மயங்குகின்றனர்.

1918 நவம்பர் 20-ஆம் நாள், யுத்தம் ஓய்ந்த சில நாட்களில், பாரதியார் புதுச்சேரி எல்லையைக் கடந்தார். கடலூருக்கு அருகிற் கைதாகி, அங்கே சிறை வைக்கப்பட்டார். சுதேசமித்திரன் ஆசிரியர் ஏ. ரங்கஸ்வாமி ஐயங்கார், ஸி. பி. ராமஸ்வாமி ஐயர், அன்னி பெசண்டு அம்மையார் முதலியோர் முயற்சியால் டிசம்பர் 14-ஆம் நாள் விடுதலையானார். விடுதலை நிபந்தனையோடு கூடியது. அவர் திருநெல்வேலி ஜில்லாவிற் குறித்த இடத்திலேயே வசிக்க வேண்டும். எழுதியவற்றை வெளியிடுமுன் இரகசியப் போலீசின் உயரதிகாரியிடம் காட்டி இசைவு பெறவேண்டும்.

அவர் செல்லம்மாளின் ஊராகிய கடையத்துக்கு வந்தார். பொதிய மலையின் அடிவாரத்திலே, தாமிரபருணி பாயும் நாட்டிலே, பசுமைக்கும் நீருக்கும் குறைவில்லாத ஊர் அது. சிறையினும் அது நல்லிடமே. ஆனால் எழுதும் தொழிலுடையவனுக்கு முன்தணிக்கை என்பது யாது என்பதை நம் மாணவர் எண்ணிப் பார்க்கவேண்டும். இராஜத்துவேஷ வழக்கில் எழுத்து முதலில் வெளியாகிறது, உலகம் படிக்கிறது, பின்னரே தண்டனை வருகிறது. முன்தணிக்கையிலோ எழுத்து பிறக்குமுன்னரே அழிகிறது. அழிந்ததென்பதையும் எவரும் அறியார். எழுதுகிறவன் தன் மேசைக்கெதிரே அதிகாரி உட்கார்ந்திருப்பதாக எண்ணித் தானே தன் சொற்களை அடித்துக்கொள்ளவும் தொடங்குகிறான். கடையத்தில் பாரதியார் என்னென்ன எழுதாது விட்டார் என்பதை எவ்வாராய்ச்சியாளரும் நமக்குக் கூறமுடியாது. சுதந்திர இந்தியாவிலும் இம்முறை ஒழிந்துவிட்டதென்று எண்ணற்க. டில்லிப் பத்திரிகை ஒன்றுக்கு இடப்பட்ட முன்தணிக்கையை உச்சநீதி மன்றம் 1950-இல் நீக்கிற்று. எனினும் 1975-இல் நெருக்கடி நிலை வந்தபோது நாடு முழுவதிலும் பத்திரிகைகள் தணிக்கைக்குட்பட்டன.

1920-இல் நிபந்தனைகள் நீங்கின. கடையத்திலிருந்தபடியே அவ்வாண்டு அவர் பெரியதொரு திட்டம் வகுத்தார். தம் நூல்களை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட்டு, குறைந்த விலைக்கு நாடெங்கும் விற்கவேண்டும் என்று எண்ணி, பொருளுதவி கேட்டுச் சுற்றறிக்கை விடுத்தார். பணம் வரவில்லை. தமிழ்நாட்டாரின் மேல் எமக்குள்ள பழைய மனக்குறைகளில் இஃது ஒன்று. பின்னர்ச் சென்னை சென்று மீண்டும் சுதேசமித்திரனில் அமர்ந்தார். பதினாறாண்டுகளுக்கு முன் எந்த மேசையில் தொடங்கினாரோ அம்மேசைக்கே திரும்பினார் என்னலாம். 1921 செப்டம்பரில், நாற்பது வயது நிரம்பாத நிலையில், திருவல்லிக்கேணியிற் காலமானார்.

அடுத்த ஆண்டில், 1910-ஆம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டம் நீக்கப்பட்டது. நீக்கிய அதே சட்டம் 1867-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தையும் திருத்திற்று. அதுமுதல் ஒவ்வொரு பத்திரிகைப் பிரதியிலும் ஆசிரியரின் பெயர் அச்சிடப்படல் வேண்டும் என்றாயிற்று. எதனை வெளியிடுவது என்று தேர்கிறவரே ஆசிரியர் என்று சட்டம் வரையறுத்தது. சீனிவாசனை ஒருபுறமும் பாரதியாரை மற்றொருபுறமும் நிறுத்திய இடைவெளி, பதினான்காண்டு கழித்து, 1922-இல் அடைபட்டது. அன்றுதொட்டுத்தான் நம் நாளிதழ்களின் கடைசிப் பக்கத்து அடியில், எவரும் படியாத பொடி எழுத்தில், அவ்வரி நின்று வருகிறது. எம் மாணவர்கள் அதனை ஒருமுறையேனும் படித்துப் பார்ப்பாராக. 1867-ஆம் வருஷத்துச் சட்டம் 2024 மார்ச்சு மாதத்தில் தன் இடத்தைப் புதிய பருவ இதழ்ப் பதிவுச் சட்டத்துக்கு விட்டுக்கொடுத்தது. 124-ஏ பிரிவின்படி வழக்குத் தொடர்வதை உச்சநீதி மன்றம் 2022 மே மாதத்தில் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் இந்திய தண்டனைச் சட்டமே மாறி, அதனிடத்தில் பாரதிய நியாய சங்கிதை வந்தது. இராஜத்துவேஷம் என்னும் பெயர் அதில் இல்லை. ஆனால் நாட்டின் ஒருமைக்கும் இறைமைக்கும் ஊறு செய்வதைப் பற்றிய 152-ஆம் பிரிவு இருக்கிறது. அதனை எழுதுவோர் ஊன்றிப் படித்தல் நன்று.

பாரதியாரைச் சட்டம் மரணத்தோடும் விட்டுவிடவில்லை. 1928-இற் பர்மா சர்க்கார் அவருடைய தேசிய கீதங்களைத் தடை செய்ய, அதனைப் பின்பற்றிச் சென்னைச் சர்க்காரும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99-ஏ பிரிவைக் கொண்டு அந்நூல்களைப் பறிமுதல் செய்தது. போலீசார் பிரதிகளை அள்ளிச் சென்றனர். அவ்வக்டோபரிற் சட்டசபையில் எஸ். சத்தியமூர்த்தி இதனை எடுத்துக்கொண்டு வாதாடினார். சர்க்காரைக் கண்டிக்கும் ஒத்திவைப்புத் தீர்மானம் 12 வாக்குகளுக்கு எதிராக 76 என்ற கணக்கில் நிறைவேறியது. பள்ளிக்கூடங்களிற் பிள்ளைகள் பாடிவந்த பாட்டுக்களை ஏழாண்டு கழித்துக் குற்றமென்று கண்டுபிடித்த விந்தையை அம்மன்றத்தார் பலர் சுட்டினர். பின்னர் அந்நூல்கள் மீண்டும் வெளிவரலாயின.

கடைசியாக வந்தது பதிப்புரிமை. 1914-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 ஆண்டு வரை நூலுரிமை நிலைக்கும். ஆகவே பாரதியார் பாட்டுக்கள் 1971 வரை ஒருவருக்கோ சிலருக்கோ சொத்தாக இருக்கத்தக்கவை. நூல்களின் உரிமை குடும்பத்தாரிடமிருந்து அவர் தம்பி ஸி. விசுவநாதனிடம் சேர்ந்தது. பாட்டுக்களை இசைத்தட்டிலும் வானொலியிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் பில்ஹணன் படத்தில் ஒரு பாட்டைச் சேர்த்தபோது உரிமைப் பிணக்கு எழுந்தது. நாட்டிற் பெருங்கிளர்ச்சி உண்டாகவே, 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் சர்க்கார் அவ்வுரிமைகளைப் பெற்றுக்கொண்டது. 1955-இல் அவை பொதுமக்களுக்கே உரியனவாக்கப்பட்டன. அதன்பின் எவரும் அச்சிடலாம்; எவரும் பாடலாம். கடையத்துச் சுற்றறிக்கையில் அவர் விரும்பிய மலிவுப் பதிப்புக்கள் இங்ஙனமே வீதிக்கு வந்தன.

இனி எம் மாணவரின் நோட்டீசு. பிறர் நற்பெயருக்குக் கேடு சூழும் செய்தியை எழுதியவரும் வெளியிட்டவரும் ஆகிய இருவரையுமே அவதூறுச் சட்டம் கருதும். பாரதிய நியாய சங்கிதையின் 356-ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை வெறுங்காவலோ, அபராதமோ, இரண்டுமோ, அன்றிச் சமூக சேவையோ தண்டனையாகக் கூறப்பட்டிருக்கிறது. இதனைக் குற்றமாக வைத்திருத்தல் அரசியல் சட்டத்துக்கு மாறன்று என்று 2016-இல் உச்சநீதி மன்றம் கூறிவிட்டது. நிருபரின் பெயர் அச்சாகாமையால் அவர் பொறுப்பு நீங்காது. எனினும் அப்பிரிவு பத்து விலக்குகளையும் சொல்கிறது. அவற்றுள் முதலாவது, செய்தி உண்மையாயும் பொதுநன்மைக்கு உரியதாயும் இருத்தல். இவ்விரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். உண்மை என்று எழுதியவரே காட்டவும் வேண்டும். குழாய் பதித்த ஆழம் ஒப்பந்தத்திற் குறித்ததினும் குறைவு என்பதே அவர் எழுதிய செய்தி. அளந்தபோது உடனிருந்தவர் யாவர், ஒப்பந்த நகல் எங்கே என்று யாம் வினவியதற்கு, இரண்டும் தம்மிடம் உள்ளனவென்றும், ஆனால் அதனை ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை என்றும் விடை எழுதியிருந்தார்.

அந்நகலோடு ஆசிரியரிடம் நேரிற் சென்று, செய்தி தம்முடையதே என்று கூறி, நோட்டீசிற் குறித்த கெடுவுக்குள் இருவரும் சேர்ந்து ஒரு வக்கீலைக் காணும்படி யாம் எழுதினோம். சென்ற வாரம் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுவதாகக் கார்டு வந்தது.